மாறிவரும் உலகச் சந்தையில் போட்டி உத்தி வகுப்பது எப்படி: சென்னையின் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

உத்தி வகுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் தொழில்முனைவோர் பலர், முதல் வேலையாக உலகப் பொருளாதாரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறார்கள். அமெரிக்கா என்ன வரி போடும், சீனா எந்தப் பொருளை நிறுத்தும், டாலர் எங்கே போய் நிற்கும் என்ற கேள்விகளுக்கு விடை தேடி இரண்டு மாதம் கழிந்த பிறகு, அவர்கள் கையில் மிஞ்சுவது கவலை மட்டுமே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் நான். இப்போது பிற நிறுவனங்களுக்கு அடக்கவிலைக் கணக்கு வகுத்துத் தருகிறேன். அந்த அனுபவத்தில் நான் சொல்வது இதுதான்: உலகத்தைப் பற்றிய கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, முதலில் உங்கள் விற்பனைப் பேரேட்டைத் திறவுங்கள். உங்கள் லாபம் எந்த வாடிக்கையாளரிடமிருந்து, எந்தப் பொருளிலிருந்து, எந்த நிபந்தனையின் பேரில் வருகிறது என்பது தெரிந்தால்தான், உலகத்தில் நடக்கும் ஆயிரம் மாற்றங்களில் உங்களைத் தொடுவது எது என்று பிரித்தறிய முடியும்.

இந்த வழிகாட்டி, 10 பேர் முதல் 200 பேர் வரை வேலை செய்யும் உற்பத்தி நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சேவை நிறுவனங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

லாபம் எங்கே பிறக்கிறது

கடந்த மூன்று நிதியாண்டுகளின் விற்பனையை வாடிக்கையாளர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் ஓர் எக்செல் தாளில் பதிவு செய்யுங்கள். ஆடிட்டர் தரும் லாப நட்டக் கணக்கு இதற்குப் போதாது. அது நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தருகிறது. அந்த ஒற்றை எண்ணுக்குள் லாபம் தரும் ஆர்டரும் நட்டம் தரும் ஆர்டரும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு பொருளின் விற்பனை விலையிலிருந்தும் மூலப்பொருள், இயந்திர நேரம், செட்டிங் நேரம் (ஒரு பொருளுக்கு ஏற்ப இயந்திரத்தை ஆயத்தப்படுத்தும் நேரம்), டூல் செலவு, வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க், ரிஜெக்‌ஷன், போக்குவரத்து ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சுவதை 'மிச்சம்' என்று எழுதுங்கள். ஸ்கிராப் விற்ற பணத்தை எல்லாப் பொருளுக்கும் பொதுவாகப் பிரித்துப் போடாமல், அது எந்தப் பொருளிலிருந்து வந்ததோ அதன் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

செட்டிங் நேரத்தைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்கு ஒரு மணி நேரச் செலவு 600 ரூபாய் என்றும், ஒரு புஷ்ஷுக்கான (குழல் வடிவ உதிரிபாகம்) செட்டிங்கை முடிக்க 4 மணி நேரம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 2,000 புஷ்கள் ஒரே ஓட்டத்தில் ஓடினால், ஒவ்வொன்றின் தலையிலும் விழும் செட்டிங் செலவு 1 ரூபாய் 20 காசு. அதே வாடிக்கையாளர், 'நாங்கள் இனி இருப்பு வைப்பதில்லை, வாரம் 200 அனுப்பினால் போதும்' என்று அட்டவணையை மாற்றினால், அந்தச் செலவு 12 ரூபாயாகிவிடுகிறது. கொட்டேஷனில் விலை மாறவில்லை. பர்ச்சேஸ் மேலாளர் விலையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஒரு புஷ்ஷுக்கு 10 ரூபாய் 80 காசு உங்கள் பையிலிருந்து போய்விட்டது. இப்படிப் போன பணத்தை, ஆண்டு முடிவில் ‘மின்கட்டணம் கூடிவிட்டது, கூலி கூடிவிட்டது’ என்று வேறு எங்கோ எழுதி ஆறுதல் அடைபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

பணம் வந்து சேரும் நாளும் விலையின் ஒரு பகுதியே. 12 விழுக்காடு வட்டியில் வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் எடுத்துத் தொழில் நடத்துபவருக்கு, 110 நாள் கழித்து வரும் 100 ரூபாயில் ஏறத்தாழ 3 ரூபாய் 60 காசு வட்டியாகவே கரைந்துவிடுகிறது. அதே பணம் 30 நாளில் வந்தால் வட்டி 1 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. ஆகவே தாளில் 'சராசரி வசூல் நாள்' என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரும்வரை, வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீங்கள் குறு, சிறு நிறுவனம் என்பதைக் காட்டும் உத்யம் பதிவுச் சான்றிதழின் நகலை ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பிவைப்பது சண்டை போடுவதாகாது. அவர்களுடைய ஆடிட்டருக்கே அது தேவைப்படுகிறது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளத்தில் (சிறு நிறுவனங்களின் பில்லின் மேல் வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையத் தளம்) பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணையும் இருக்கிறது. உங்கள் பில்லை அங்கே ஏற்றி, வங்கியிடமிருந்து முன்கூட்டியே பணம் பெற வழி செய்வார்களா என்று தயக்கமின்றிக் கேளுங்கள்.

இந்தத் தாளை முதன்முறையாக முடித்தபோது நான் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. விற்பனையில் முதலிடத்தில் இருந்த வாடிக்கையாளர், மிச்சத்தில் ஐந்தாம் இடத்தில் இருந்தார். எங்கள் விற்பனையில் நூற்றுக்கு ஏழு பங்கு மட்டுமே வாங்கிய, நாங்கள் பெரிதாகக் கவனிக்காத ஒரு பம்ப் உற்பத்தியாளர் இரண்டாம் இடத்தில் இருந்தார்.

எது நின்றுபோனால் நாமும் நின்றுபோவோம்

அடுத்து, மிச்சத்தின் வரிசையில் முதல் ஐந்து இடங்களில் இருப்பவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: என்ன நடந்தால் இந்த ஆர்டர் ஆறு மாதத்தில் இல்லாமல் போகும்? விடையை ஒரே வாக்கியத்தில், பெயரும் பொருளும் குறிப்பிட்டு எழுத வேண்டும். 'சந்தை மந்தமானால்' என்று எழுதுவது விடையாகாது.

எங்கள் பட்டறையில் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டது மிகவும் தாமதமாக. 2019இல் வாகன விற்பனை நாடு முழுவதும் சரிந்தபோது, எங்கள் விற்பனையில் 68 விழுக்காட்டை வாங்கிக்கொண்டிருந்த ஒரே நிறுவனம், தன் மாத அட்டவணையை ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் பாதியாகக் குறைத்து அனுப்பியது. அதன்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர்களுடைய வண்டி விற்கவில்லை. ஆனால் அந்த ஓர் அட்டவணையை நம்பி நான் இரண்டு புதிய இயந்திரங்களுக்குக் கடன் வாங்கியிருந்தேன். தவணை தேதி மட்டும் பாதியாகவில்லை. பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. அவர்களில் நான்கு பேர் பிறகு திரும்பி வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை, தாய் நிறுவனத்தின் கைபேசிப் பிரிவு 2014இல் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கு காரணமாக அந்தக் கைமாற்றத்தில் சேர்க்கப்படாமல் தனித்து நின்று, அந்த ஆண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையில் 2022இல் உற்பத்தியை முடித்தது. இரண்டு முடிவுகளுக்கும் உதிரிபாகம் தந்தவர்களின் தரமோ விலையோ காரணமாக இருக்கவில்லை. எவ்வளவு நல்ல சரக்கைக் கொடுத்தாலும் வேறொரு கண்டத்தில் எடுக்கப்படும் முடிவை அது தடுக்காது என்பதால், 'நாங்கள் தரமாகச் செய்கிறோம்' என்ற நம்பிக்கையை உத்தியாகக் கொள்ளக் கூடாது.

சார்பு மூன்று வகையில் இருக்கும். ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது எளிதில் கண்ணில் படும். ஒரே தொழில்நுட்பத்தைச் சார்ந்திருப்பது மெதுவாகத் தெரியும்: ஐந்து வாடிக்கையாளர்கள் இருந்தாலும், ஐந்து பேருக்கும் நீங்கள் செய்து கொடுப்பது பெட்ரோல் இன்ஜினின் வால்வு, பிஸ்டன், புகைபோக்கி சார்ந்த பாகங்களே என்றால், மின்வாகனம் பெருகும் வேகத்தில் ஐந்து பேரின் ஆர்டரும் ஒன்றாகவே குறையும். பிரேக், சஸ்பென்ஷன், இருக்கைப் பாகம் செய்பவருக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. மூன்றாவது வகை, ஒரே மூலத்திலிருந்து வாங்குவது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் தனிமங்கள் சிலவற்றுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, மின்வாகன மோட்டார் செய்பவர்கள் திணறினார்கள். மோட்டாரின் மொத்த விலையில் சிறு பகுதியாக இருந்த காந்தம், மோட்டார் முழுவதையும் நிறுத்தியது. ஆகவே நீங்கள் வாங்கும் பொருள்களையும் விலை வரிசையில் அடுக்காமல், 'இது வராவிட்டால் எத்தனை நாளில் இயந்திரம் நிற்கும்' என்ற வரிசையில் அடுக்குங்கள். பல பட்டறைகளில் ஒரு குறிப்பிட்ட இன்சர்ட்டோ (உலோகத்தை வெட்டும் முனை) ஒரு குறிப்பிட்ட எண்ணெயோ அந்தப் பட்டியலின் தலையில் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்த ஒரு வாடிக்கையாளரும் மிச்சத்தில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு. இது என் அனுபவத்தில் வந்த எண். உங்கள் தொழிலுக்கு 25 பொருந்தலாம், 40 பொருந்தலாம். பெரிய வாடிக்கையாளரின் ஆர்டரை வெட்டி அந்த வரம்புக்குள் வர முயலாதீர்கள். மற்றவர்களின் ஆர்டரை வளர்த்துத்தான் வர வேண்டும். அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும்.

உலகத்தை எச்.எஸ்.என். எண் வழியாகப் பாருங்கள்

இப்போது உலகத்தைப் பார்க்கலாம், உங்கள் பொருளின் எச்.எஸ்.என். எண் (சுங்கத்துக்கும் வரிக்கும் பொருள்களை வகைப்படுத்தும் எண்) வழியாக. 'உலகச் சூழல்' என்று பொதுவாகப் பேசினால் பயனில்லை என்பதற்கு 2025 ஆகஸ்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா அந்த மாதம் 7ஆம் தேதி முதல் 25 விழுக்காடும், 27ஆம் தேதி முதல் மேலும் 25 விழுக்காடும் கூடுதல் வரி விதித்தது. நாளிதழ்கள் அனைத்தும் '50 விழுக்காடு' என்று எழுதின. ஆனால் நம் வட்டாரத்திலேயே மூன்று தொழில்களை எடுத்துப் பாருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து போகும் தோல் காலணியின் மீது அந்த 50 முழுமையாக விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போகும் ஸ்மார்ட்போன் அந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்குப் பெற்ற பட்டியலில் இருந்தது. கார் உதிரிபாகங்கள் பலவற்றுக்கு, அதே ஆண்டு மே மாதத்திலேயே வேறொரு சட்டப் பிரிவின் கீழ் எல்லா நாடுகளுக்குமாக விதிக்கப்பட்ட 25 விழுக்காடு பொருந்தியது. ஒரே துறைமுகத்திலிருந்து, ஒரே வாரத்தில் கப்பல் ஏறிய மூன்று கன்டெய்னர்களுக்கு மூன்று விதி. இந்த விகிதங்கள் அடிக்கடி மாறுபவை என்பதால், அன்றைய நிலையை உங்கள் சுங்க முகவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு உங்கள் பொருளின் எட்டு இலக்க எச்.எஸ்.என். எண் சரியாக இருக்க வேண்டியது முதல் தேவை. ஜி.எஸ்.டி. பில்லுக்காக ஏதோ ஒரு நாள் கணக்கர் தேர்ந்தெடுத்துப் போட்ட எண்ணே ஏற்றுமதி ஆவணத்திலும் ஓடிக்கொண்டிருப்பதை மூன்று நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன்.

போட்டியில் முக்கியமானது உங்கள் மீது விழும் வரி மட்டுமே என்று எண்ண வேண்டாம். உங்களுக்குப் போட்டியாக இருக்கும் நாட்டின் மீது விழும் வரியோடு அதற்குள்ள இடைவெளியே ஆர்டரைத் தீர்மானிக்கிறது. எல்லோருக்கும் 25 என்றால் வாங்குபவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார். உங்களுக்கு 50, வியட்நாமுக்கு 20 என்றால் அடுத்த பருவத்தின் மாதிரிகளை அங்கே அனுப்பிவிடுவார். ஆகவே உங்கள் தாளில், உங்கள் பொருளுக்குப் போட்டியாக உள்ள இரண்டு, மூன்று நாடுகளின் பெயரையும் அவற்றுக்குள்ள வரியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஐரோப்பாவுக்குப் போல்ட், நட்டு, திருகு அனுப்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஃகு, அலுமினியம், சிமெண்ட் உள்ளிட்ட சில பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த கார்பன் எல்லை வரி (பொருள் உருவாகும்போது வெளியான கார்பனின் அளவுக்கு ஏற்ப இறக்குமதியின்போது கட்டுவது), 2023 அக்டோபரில் அறிக்கை தரும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழுமையான கட்டத்துக்கு வந்துவிட்டது. எஃகுப் போல்ட்டும் நட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வரியைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான். ஆனால் அவர் கட்ட வேண்டிய அளவு, உங்கள் கம்பி எந்த எஃகு ஆலையில், எந்த முறையில் உருவானது என்பதைப் பொறுத்தது. விவரம் இல்லாத சரக்குக்கு உயர்ந்த உத்தேச அளவு கணக்கிடப்படும் என்பதால், விவரத்தோடு வரும் சரக்குக்கே அவர் முன்னுரிமை தருவார். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு இறக்குமதி செய்யும் இவ்வகைச் சரக்கு 50 டன்னுக்குள் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே முதலில் உங்கள் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கேட்டறியுங்கள். விலக்கு இல்லாதவர் என்றால், இன்றிலிருந்து ஒவ்வொரு கம்பிச் சுருளின் ஹீட் எண்ணையும் (எந்த உருக்கில் உருவானது என்று ஆலை தரும் எண்), ஆலைச் சான்றிதழையும், வெப்பப் பதனிடும் உலையில் எரியும் டீசல் அல்லது எரிவாயுவின் அளவையும் பதிவேட்டில் எழுதத் தொடங்குங்கள். இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஸ்டோர்ஸில் உள்ள ஒருவர் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். பக்கத்துப் பட்டறைக்காரர் இதைச் செய்யாதபோது நீங்கள் செய்திருந்தால், ஒரு ரூபாய் கூட விலை குறைக்காமல் போட்டியில் முன்னால் நிற்கிறீர்கள்.

வர்த்தக ஒப்பந்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே மாதத்திலிருந்தும், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பரிலிருந்தும், சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாட்டுக் கூட்டமைப்போடு 2025 அக்டோபரிலிருந்தும் ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின் சலுகை வரி தானாகக் கிடைக்காது. பொருள் போதுமான அளவு இங்கேயே உருவானது என்பதற்கான தோற்றச் சான்றிதழ் வேண்டும். அதற்கு உங்கள் அடக்கவிலைத் தாள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கப்பல் பாதையும் கணக்கில் வர வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, சூயஸ் வழியாகச் செல்ல வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கி, ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் வரை கூடுதலாகப் பிடித்தது. 14 நாள் தாமதம், மேலே சொன்ன 12 விழுக்காடு வட்டியில், 100 ரூபாய்ச் சரக்குக்கு ஏறத்தாழ 46 காசு. தொகை சிறியதுதான், ஆனால் குறித்த வாரத்தில் சரக்கு வராததால் வாடிக்கையாளர் விமானத்தில் அனுப்பச் சொன்னால், அந்த ஆண்டின் லாபம் ஒரே கட்டணத்தில் போய்விடும். கொட்டேஷனில் 'கப்பல் தாமதம் எங்கள் பொறுப்பாகாது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடனுக்கு அனுப்பும் ஏற்றுமதிக்கு, அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி. தரும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுப்பதையும் வலியுறுத்துவேன்; காப்பீட்டுக்கு முன்பு அவர்கள் வாங்குபவரின் நிலையைச் சரிபார்ப்பதே பாதி நன்மை.

எதில் போட்டியிடுவது

இந்தக் கணக்குகள் எல்லாம் முடிந்த பிறகுதான் 'நாம் எதில் வெல்லப்போகிறோம்' என்ற கேள்வி பொருள் பெறுகிறது. குறைந்த விலை, விரைவு, பிறரால் செய்ய முடியாத வேலை, வாடிக்கையாளருக்கு அருகில் இருப்பது ஆகியவற்றில் எல்லாவற்றையும் தருகிறோம் என்று சொல்பவர் எதற்கும் தனியாகப் பணம் கேட்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததற்கு ஏற்ப இயந்திரம், ஆள், இருப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே கண் முன்னால் பாடங்கள் இருக்கின்றன. 1983இல் கடலூரில் தொடங்கிய கவின்கேர், பன்னாட்டு நிறுவனங்களோடு பாட்டிலில் மோதாமல், பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சிக் ஷாம்புவை 50 காசுப் பொட்டலத்தில், மல்லிகை மணத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. யாருக்காக என்ற தேர்வு முதலில் வந்தது. விலையும் மணமும் அதைத் தொடர்ந்து வந்தன. பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வேறு வழியில் போனது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கிய அதே 1998இல், தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலில் பெற்றது அந்தப் பிரிவு. உலக நிறுவனங்கள் நம் ஊருக்கு வந்து சப்ளையர் தேடியபோது, அவர்களுக்குப் புரியும் மொழியில் தரத்தை நிரூபிக்க ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார்கள். அதற்கான பழக்கங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் அது நடக்கும். மூன்றாவது ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு வலையமைப்பு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. 2000ஐ ஒட்டி வந்த இணையத் தொழில் சரிவில் அந்த வாடிக்கையாளர்களே சுருங்கிப்போனார்கள். ஒரே வகை வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது எத்தகையது என்பதை அறிந்து, சிறு நிறுவனங்கள் இணையத்தில் பயன்படுத்தும் மென்பொருள்களை 2005 முதல் ஜோஹோ என்ற பெயரில் வெளியிட்டார்கள். சரிவு வந்தபோதும் பொறியாளர்களின் திறமை கையில் இருந்தது; அதை வேறு யாருக்கு விற்கலாம் என்று கேட்டார்கள்.

உங்கள் நிறுவனத்தின் வலிமை என்ன என்பதை நீங்களே உட்கார்ந்து எழுதாதீர்கள், வாடிக்கையாளரிடம் கேளுங்கள். ஒருமுறை ஒரகடத்தில் உள்ள ஒரு பர்ச்சேஸ் மேலாளரிடம், 'எங்களைவிடக் குறைந்த ரேட் கொடுப்பவர்கள் இருக்கிறார்களே, ஏன் சார் எங்களுக்கே அனுப்புகிறீர்கள்' என்று நேராகவே கேட்டேன். தரம், நேரம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நாங்கள் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிய பழைய டிராயிங் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு துளையின் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்) தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. எங்கள் சூப்பர்வைசர் அதைக் கவனித்து, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே போன் செய்து கேட்டிருந்தார். 'மத்தவங்க போட்டு அனுப்பிடுவாங்க சார். பிறகு நாங்கதான் லைன்ல நின்னு முழிக்கணும்' என்றார் மேலாளர். அந்த வேலைக்கு நாங்கள் அதுவரை ஒரு ரூபாய் கூட வாங்கியதில்லை; அது எங்கள் வலிமை என்றே எங்களுக்குத் தெரியாது.

அந்த ஒரு பதிலிலிருந்துதான் எங்கள் உத்தி பிறந்தது. புதிய மாடல்களுக்கான முதல் மாதிரிகள், 50 முதல் 300 வரையிலான சிறு எண்ணிக்கை, டிராயிங் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குறைகளை எழுதி அனுப்புதல் என்று எங்கள் இடத்தைக் குறுக்கிக்கொண்டோம். செட்டிங் கட்டணத்தைக் கொட்டேஷனில் தனி வரியாக எழுதத் தொடங்கினோம். முதல் ஆறு மாதம் பலர் மறுத்தார்கள். பிறகு, அவசரம் உள்ளவர்கள் வந்தார்கள். வேகமான செட்டிங்குக்கு ஏற்ற சக்குகளை (இயந்திரத்தில் பொருளைப் பிடித்துவைக்கும் பாகம்) வாங்கினோம். பெரிய எண்ணிக்கைக்காக வாங்கிய இயந்திரங்களில் ஒன்றை விற்றோம்.

எதை மறுப்போம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். இது எல்லாவற்றிலும் கடினமான பகுதி, ஏனென்றால் இயந்திரம் சும்மா நிற்கும் நாளில் வரும் எந்த ஆர்டரும் இனிக்கும். 90 நாளுக்கு மேல் கடன் கேட்பவர், மூலப்பொருள் விலை ஏறினால் ரேட்டைத் திருத்த ஒப்பாதவர், ஒரே பொருளுக்காக மட்டுமே பயன்படும் இயந்திரத்தை நம் கடனில் வாங்கச் சொல்பவர் ஆகிய மூவரையும் நாங்கள் மறுப்புப் பட்டியலில் வைத்திருந்தோம். மறுக்கும்போது, அந்த வேலைக்கு ஏற்ற இன்னொரு பட்டறையின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். தொழிற்பேட்டை சிறியது, அந்த நல்லெண்ணம் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும்.

எச்சரிக்கை எண்களும் காலாண்டுக் கூட்டமும்

சூழல் மாறும்போது உத்தியும் மாற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது என்பதை நிதானமாக இருக்கும் நாளிலேயே எண்ணாக எழுதிவைக்காவிட்டால், நெருக்கடி வரும் நாளில் 'இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்' என்றே தோன்றும். எங்கள் தாளில் நான்கு எண்கள் இருந்தன. எந்த வாடிக்கையாளரின் அட்டவணையாவது இரண்டு மாதம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அவருக்காக வாங்கும் மூலப்பொருளை மறுநாளே நிறுத்திவிட்டு நேரில் போய்ப் பேசுவது. எஃகு விலை, கொட்டேஷன் கொடுத்த நாளின் விலையிலிருந்து 6 விழுக்காடு ஏறினால், திருத்தக் கடிதம் அனுப்புவது. மொத்த வசூல் நாள் 75ஐத் தாண்டினால், புதிய கடன் எதுவும் வாங்காமல் இருப்பது. கையிருப்புப் பணம் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் தவணைக்கும் கீழே போனால், இயந்திரம் வாங்கும் பேச்சை நிறுத்துவது. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அதைப் பார்க்க வேண்டியவரின் பெயர் இருந்தது. இரண்டு பெயர்களை எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தகவல் திரட்ட நாளிதழும் அலைபேசியும் மட்டும் போதாது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் ஆக்மி இயந்திரக் கண்காட்சிக்குப் போகும்போது, இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், அதை விற்பவரிடம் 'இந்த ஆண்டு இதை யார் அதிகம் வாங்குகிறார்கள், எந்த வேலைக்கு' என்று கேளுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உங்களுக்குப் போட்டியாக வரப்போகிறவர் யார் என்பது அந்த விடையில் இருக்கும்.

இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள்: நம் மிச்சம் வரும் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றையும் நிறுத்தக்கூடிய ஒரு நிகழ்வு, நாம் தேர்ந்தெடுத்த போட்டிக்களம், நாம் மறுக்கும் வேலைகள், நான்கு எச்சரிக்கை எண்கள். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் வாரத்தில், இரண்டு மணி நேரம், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலாளியும் கணக்கரும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. ஷாப் சூப்பர்வைசரும் ஸ்டோர்ஸைப் பார்ப்பவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். அட்டவணை மெலிவதை முதலில் உணர்பவர் சூப்பர்வைசர்; சரக்கு தேங்குவதை முதலில் பார்ப்பவர் ஸ்டோர்ஸ்காரர். குடும்பத் தொழிலாக இருந்தால், அடுத்துப் பொறுப்பேற்கப்போகும் மகளையோ மகனையோ முதல் கூட்டத்திலிருந்தே உட்கார வையுங்கள்.

அக்டோபர் கூட்டத்தில் முதல் பொருள் மழையாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பலருடைய ஓராண்டு லாபம் ஒரே இரவில் தண்ணீருக்குள் போனது. மிக்ஜாமில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே மூழ்கியது. சிஎன்சி இயந்திரத்தின் மின்பலகை தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காப்பீட்டில் வெள்ளச் சேதமும், அதனால் நின்றுபோகும் நாள்களின் வருமான இழப்பும் அடங்குகிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய நவம்பர், டிசம்பர் சரக்கில் ஒரு பகுதியை அக்டோபரிலேயே முடித்துத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள கிடங்குக்கு அனுப்பிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும், மாறிய எண்களைச் சிவப்பு மையில் திருத்தி, தேதி போட்டு, உட்கார்ந்திருந்த எல்லோரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளின் ஒரு நகலைக் கொட்டேஷன் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். மறுநாள் காலை வரும் முதல் விசாரணைக்கு ரேட் எழுதும் முன்பு அதைத்தான் புரட்ட வேண்டும்.